நான்-ஸ்டிக் பாத்திரம்: வாங்குவது முதல் கழிப்பது வரை, கேரள எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் எனப் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் வாழும் நம்மில் பெரும்பாலோர் வீட்டுச் சாமான் வாங்கப் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோதான் போகிறோம். வீடு கேரளத்தில், கடை தமிழ்நாட்டில் என்பதால் பொருள் பழுதாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எங்கள் வீட்டு நான்-ஸ்டிக் தவாவின் நடுவில், வாரண்டி முடிவதற்கு முன்பே, கடுகளவுக் கொப்புளங்கள் எழும்பின. நகம் பட்டாலே கறுப்பு ஏடு உரிந்து அடியிலிருந்த அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. கடைக்காரர் நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார். சர்வீஸ் சென்டரில் வாங்கிய மாநிலத்திலேயே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மாற்றுத் தவா கைக்கு வரும்வரை நாங்கள் அலைந்த அலைச்சல் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் எவருக்கும் வரக் கூடாது என்பதற்காக, எந்தப் பாத்திரத்தை வாங்குவது, எந்தத் தாளைப் பத்திரப்படுத்துவது, அடுப்பில் எப்படிக் கையாள்வது, எப்போது தூக்கிப் போடுவது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தச் சமையலுக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நான்-ஸ்டிக் பாத்திரம் மிதமான சூட்டில் செய்யும் சமையலுக்கு உரியது. தோசை, ஆப்பம், முட்டை, சிறிது எண்ணெயில் வாட்டி எடுக்கும் மீன் துண்டுகள் ஆகியவற்றுக்கு அது மிகவும் ஏற்றது. குறிப்பாக ஆப்பத்துக்கு நான்-ஸ்டிக் ஆப்பச்சட்டியைப் போல வசதியானது வேறில்லை. பழகாத கையாலும் ஓரம் முறுகி நடு மெத்தென்று எடுக்க முடியும்; எண்ணெயும் ஏறத்தாழத் தேவையில்லை.

வறுத்தரைத்த கறிக்குத் தேங்காயும் மல்லியும் மிளகாயும் வறுப்பது, பரோட்டா சுடுவது, பழம்பொரியும் சிப்ஸும் பொரிப்பது, கடாயைக் காயவைத்துத் தீயைக் கூட்டி வதக்குவது ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. வெறும் பாத்திரம் நெடுநேரம் தீயில் இருக்கும் வேலைகளும், இரும்புக் கரண்டியால் ஓயாமல் கிளற வேண்டிய வேலைகளும் பூச்சைக் கெடுத்துவிடும். அவற்றுக்கு இரும்புக் கடாயோ வார்ப்பிரும்புக் கல்லோ வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஐந்து பாத்திரம் அடங்கிய செட் ஒன்றைக் காட்டி, தனியாக வாங்குவதைவிட இது மலிவு என்பார்கள். என் கருத்தில் ஒரு தவாவும் ஓர் ஆப்பச்சட்டியும் இருந்தால் போதும். மீதி மூன்றும் நீங்கள் பயன்படுத்தக் கூடாத சமையலுக்கே இழுத்துச் செல்லும். 28 செ.மீ. தவா ஒன்று ஏறத்தாழ 700 முதல் 1,500 ரூபாய்க்குள், மூடியோடு கூடிய ஆப்பச்சட்டி அதைவிடச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். நாள்தோறும் தோசை வார்க்கும் வீட்டில் ஒரு நல்ல தவா இரண்டு மூன்று ஆண்டுகள் உழைக்கும். அதன் பிறகு புதிது வாங்க வேண்டிவரும் என்பதை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்புக் கல்லும் ஏறத்தாழ இதே விலைதான். ஆனால் அது தலைமுறை தாண்டியும் உழைக்கும்.

2. பெட்டியைப் பிரிக்கும் முன் அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் அடங்கிய அதிகபட்ச விலையும், புகார் தெரிவிப்பதற்கான தொலைபேசியும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். திருவிழாக் கடைகளிலும் வீடு தேடி வரும் விற்பனையிலும் கிடைக்கும் பாத்திரங்களில் இவை பெரும்பாலும் இருக்காது. முகவரி இல்லாத பெட்டிக்குள் அழகான வாரண்டி அட்டை இருந்தாலும், அதைக் கொண்டு யாரிடமும் எதையும் கேட்க முடியாது. அதிகபட்ச விலையில் ஜி.எஸ்.டி. ஏற்கனவே அடங்கியிருப்பதால், அதற்கு மேல் வரி என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்து ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். அலுமினியப் பாத்திரங்களுக்கும் எவர்சில்வர் பாத்திரங்களுக்கும் இந்த முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024இல் வெளியிட்டது. அலுமினியப் பாத்திரமானால் முத்திரையின் மேலே ஐ.எஸ். 1660 என்ற தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த உரிம எண்ணை இட்டால், உரிமம் யார் பெயரில் உள்ளது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது தெரியும். கடையில் நின்றபடியே செய்துவிடக்கூடிய வேலை இது. பெட்டியில் உள்ள பெயரும் செயலி காட்டும் பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

பூச்சைப் பற்றிய வாசகங்களில்தான் அதிகம் ஏமாறுகிறோம். வழக்கமான நான்-ஸ்டிக் பூச்சின் பெயர் பி.டி.எஃப்.இ.; டெஃப்லான் என்பது அதன் வணிகப் பெயர்களில் ஒன்று. முன்பு இப்பூச்சைத் தயாரிக்கும் வேலையில் பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேறொரு வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். உடலிலும் மண்ணிலும் நெடுங்காலம் தங்கும் அப்பொருளை உலக நாடுகள் 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்தன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஆகவே ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லை’ என்ற வாசகம் பெட்டியில் இருப்பது அவசியம். ஆனால் அவ்வாசகம் பூச்சு பி.டி.எஃப்.இ. அல்ல என்று சொல்லவில்லை. அதிகச் சூடு பட்டால் புகையாது என்றும் சொல்லவில்லை. பூச்சே வேறாக இருக்க வேண்டுமென்றால் ‘பி.டி.எஃப்.இ. இல்லை’ என்றோ ‘பி.எஃப்.ஏ.எஸ். இல்லை’ என்றோ (பி.டி.எஃப்.இ., பி.எஃப்.ஓ.ஏ. இரண்டும் அடங்கும் வேதிப்பொருள் குடும்பத்தின் பெயர் அது) எழுதியிருக்க வேண்டும்.

‘கிரானைட்’, ‘மார்பிள்’ என்று புள்ளி புள்ளியாக வருபவை பெரும்பாலும் அதே பி.டி.எஃப்.இ. பூச்சின் மேல் கல்லின் தோற்றம் கொடுக்கப்பட்டவையே. கல்லால் செய்தது என்று நம்பித் தீயைக் கூட்டிவிடாதீர்கள். ‘செராமிக்’ என்பது மணற்சத்தான சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட உண்மையிலேயே வேறான பூச்சு. அது கூடுதல் சூட்டைத் தாங்கும். ஆனால் ஒட்டாமல் வழுக்கும் தன்மையை விரைவில் இழந்துவிடும். வீட்டில் பறவை வளர்ப்பவர்களும், தீயைக் குறைத்துச் சமைக்கப் பொறுமையில்லாதவர்களும் செராமிக்கை வாங்கி, ஆயுள் குறைவதை ஏற்றுக்கொள்வது நல்லது.

கடைசியாகப் பாத்திரத்தைக் கையில் தூக்கிப் பாருங்கள். அடிப்பகுதி மெல்லியதாக இருந்தால் சூடு ஓரிடத்தில் குவியும். அடியும் விரைவில் வளைந்துவிடும். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

3. பில்லை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும்

எல்லை கடந்து வாங்குபவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண், தேதி, பாத்திரத்தின் நிறுவனப் பெயர், மாடல், அளவு ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். ‘பாத்திரம் 1’ என்று மட்டும் அடித்துக் கொடுக்கும் பில் வாரண்டிக்கு உதவாது. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் கையெழுத்தும் அங்கேயே போடச் சொல்லுங்கள். பிறகு வருகிறேன் என்று விட்டுவிட்டால் அது நடக்காது.

பில்லில் உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதச் சொன்னால் எழுத வேண்டும் என்பதே விதி. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல், பில்லில் வாங்குபவரின் முகவரி பதியப்பட்டால் அந்த முகவரி உள்ள மாநிலமே விற்பனை நடந்த இடமாகக் கருதப்படுகிறது. கேரளம் என்ற மாநிலப் பெயரை மட்டும் எழுதினாலும் போதும், பொள்ளாச்சிக் கடைக்காரர் அதை வெளிமாநில விற்பனையாகக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். உங்களுக்கு வரித்தொகை மாறாது. அவருக்குக் கணக்கு வேலை கூடும். விற்றுமுதலில் சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு கடைக்காரர்களுக்கோ வெளிமாநில விற்பனையே அனுமதி இல்லை. அவர்கள் முகவரி எழுதத் தயங்குவதற்குக் காரணம் இதுதான். சண்டை போடுவதில் பயனில்லை. அப்படிப்பட்ட கடைகளில் பெயரையும் கைப்பேசி எண்ணையும் மட்டும் பில்லில் ஏற்றச் சொல்லுங்கள். வாங்கியவர் நீங்கள்தான் என்று காட்ட அது போதும்.

வெப்பத்தாளில் அச்சாகும் பில் சில மாதங்களில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். அன்றைக்கே அதைப் படமெடுத்து, ஒரு நகலும் எடுத்து வையுங்கள். பெட்டியின் விலை, தேதி, தயாரிப்பு எண் உள்ள பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் வாங்கிய சில நாட்களுக்குள் இணையத்தில் பதிந்தால்தான் வாரண்டி என்று அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைப் படித்துப் பதிவை முடித்துவிடுங்கள். பதியும்போது கேரள முகவரியைக் கொடுங்கள். பின்னால் புகார் எழும்போது உங்கள் வட்டாரத்துச் சர்வீஸ் சென்டரே பொறுப்பேற்க அது உதவும்.

4. முதல் நாள்

ஒட்டியிருக்கும் தாள்களை எல்லாம் எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பிட்டு ஸ்பாஞ்சால் கழுவி நன்றாகத் துடையுங்கள். சில துளி எண்ணெயைப் பூச்சின் மேல் தடவிச் சிம்மில் அரை நிமிடம் மட்டும் வைத்து இறக்கி, ஆறியதும் துடைத்துவிடுங்கள். இரும்புக் கல்லைப் பழக்குவதுபோல வெங்காயம் தேய்ப்பதும் புகைய விடுவதும் இங்கே கூடாது.

5. அடுப்புத் தீயை ஆளக் கற்றுக்கொள்ளுங்கள்

நான்-ஸ்டிக் பாத்திரத்தின் பாதுகாப்பு முழுவதும் இந்த ஒரு படியில்தான் அடங்கியிருக்கிறது. பி.டி.எஃப்.இ. பூச்சை 260 டிகிரி செல்சியஸ் வரை பயன்படுத்தலாம் என்பது பொதுவான வரம்பு. அதைத் தாண்டினால் பூச்சு மெல்ல மெல்லக் கெடத் தொடங்கும். 350 டிகிரிக்கு மேல் வெளிப்படையாகச் சிதைந்து நச்சுப் புகையை விடும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள் இன்னும் எச்சரிக்கையாக 170 டிகிரியையே குறிப்பிட்டு, வெறும் பாத்திரத்தைச் சில நிமிடம் அடுப்பில் விட்டாலே அந்தச் சூடு வந்துவிடும் என்கின்றன.

தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். பாத்திரத்தில் ஈரமான பொருள் இருக்கும்வரை, அந்த ஈரம் ஆவியாகும் போக்கில் சூட்டை இழுத்துக்கொள்ளும். தோசை மாவு பரவியிருக்கும் தவாவும், குழம்பு கொதிக்கும் கடாயும் எளிதில் எல்லை தாண்டுவதில்லை. ஆபத்து எல்லாம் வெறும் பாத்திரத்தில்தான் இருக்கிறது. பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்த மெல்லிய தவா சில நிமிடங்களிலேயே 300 டிகிரியைத் தாண்டிவிடும். மாவைக் கரைக்கப் போன இடைவெளியிலும், இரண்டு தோசைகளுக்கு நடுவே பேசிக்கொண்டு நிற்கும் இடைவெளியிலும், அடுப்பை அணைக்க மறந்த இரவிலும்தான் பூச்சு கெடுகிறது.

ஆகவே மாவும் எண்ணெயும் கரண்டியும் கைக்கு எட்டும் தூரத்தில் வந்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். சிறிய பர்னரைப் பயன்படுத்துங்கள். தீநாக்கு பாத்திரத்தின் அடியை விட்டு வெளியே வரக் கூடாது. வெளியே வந்த தீ விளிம்பில் பூச்சை எரிப்பதோடு கைப்பிடியையும் தளர்த்திவிடும். தோசை வார்க்க முதலில் மிதமான தீயில் ஒரு நிமிடம்போல வைத்துவிட்டு, பிறகு சிம்முக்கும் நடுத்தீக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷனில் வைப்பவர்கள் அதிகபட்ச வாட்டில் தொடங்கக் கூடாது. இண்டக்‌ஷன் மிக விரைவாகச் சூடேற்றும் என்பதால் ஆயிரம் வாட்டுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

சூட்டை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. நம் வட்டாரத்துச் சமையலறையில் எப்போதும் இருக்கும் செக்குத் தேங்காய் எண்ணெயே போதும். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 175 டிகிரியில் புகையத் தொடங்கும். தவாவில் தடவிய எண்ணெய் பளபளத்து மெல்ல நெளிந்தால் மாவு ஊற்றலாம். அதன் மேல் இழைபோல வெண்புகை எழுந்தால் உடனே தீயைக் குறையுங்கள். 260 டிகிரி என்ற பொது வரம்புக்கு வெகு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை அது. சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் 220 டிகிரிக்கு மேல்தான் புகையும் என்பதால் அதன் எச்சரிக்கை தாமதமாகவே வரும். இரும்புக் கல்லில் செய்வதுபோலத் தண்ணீர் தெளித்துத் துளிகள் உருண்டோடுகின்றனவா என்று பார்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். துளிகள் உருண்டோடும் அளவு சூடேறிய நான்-ஸ்டிக் தவா ஏற்கனவே மிகையாகச் சூடேறிவிட்டது.

விறகடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள். விறகின் தீயை நினைத்த அளவில் நிறுத்த முடியாது.

6. கரண்டியும் கழுவலும்

மரக்கரண்டி, சிலிக்கான் கரண்டி, ஓரம் வழவழப்பாக இழைத்த சிரட்டைக் கரண்டி ஆகியவை பொருந்தும். எவர்சில்வர் தோசைத்திருப்பியை வீட்டில் வேறு யாராவது பழக்கத்தில் எடுத்துவிடுவார்கள் என்றால், அதை அடுப்பருகில் தொங்கவிடாமல் வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

சூடான பாத்திரத்தைக் குழாயடியில் பிடித்தால் அடி வளையும். பூச்சும் உடலும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் பிடிப்பு தளரும். ஆறவிட்டுக் கழுவுங்கள். தேங்காய் நார், சாம்பல், கம்பி நார் மூன்றும் ஆகாது. பிடித்துக்கொண்ட கறைக்குத் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கலந்து பாத்திரத்தில் ஊற்றி, சிம்மில் சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறியபின் துடைத்தால் வந்துவிடும். அடுக்கி வைக்கும்போது இரண்டு பாத்திரங்களுக்கு நடுவே பழைய பருத்தித் துணியை விரியுங்கள்.

குடம்புளி இட்ட மீன் குழம்பையோ புளிக்குழம்பையோ இதில் செய்தால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். குடம்புளி மீன்குழம்பை மறுநாள்வரை அதே சட்டியில் ஊறவிட்டுச் சாப்பிடுவது நம் பக்கத்து வழக்கம். அதற்கு மண்சட்டிதான் சரி. பூச்சில் கண்ணுக்குத் தெரியாத சிறு பிளவு இருந்தாலும் புளிப்பும் உப்பும் அதன் வழியே அடியிலுள்ள அலுமினியத்தை அரிக்கும்.

7. மறந்துபோய்ப் புகைந்துவிட்டால்

அடுப்பை அணையுங்கள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவோ தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். சன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு, புகைபோக்கும் விசிறி இருந்தால் அதை ஓடவிட்டு, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் முதலில் வெளியேற வேண்டும்.

இப்புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், குளிர் நடுக்கம், உடல்வலி, வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம் ஆகியவை வரலாம். சாதாரண ஃபுளூ காய்ச்சல்போலவே தோன்றுவதால் பலர் இதைப் புகையோடு இணைத்துப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகத் தணிந்துவிடும். மூச்சுத் திணறல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய், நான்-ஸ்டிக் பாத்திரம் எரிந்த புகையைச் சுவாசித்தோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையைச் சரியான பக்கம் திருப்பும்.

பறவைகளின் நிலை வேறு. அவற்றின் நுரையீரல் அமைப்பால், மனிதருக்கு லேசான எரிச்சல் தரும் அளவுப் புகையே லவ் பேர்ட்ஸையும் பட்ஜீஸையும் சில நிமிடங்களில் கொன்றுவிடக்கூடும். இங்கே பல வீடுகளில் சமையலறைக்குப் பின்னுள்ள வொர்க் ஏரியாவில்தான் கூண்டைத் தொங்கவிடுகிறார்கள். தயவுசெய்து அதை வீட்டின் முன்பக்கத்துக்கு மாற்றுங்கள். புகை எழுந்தால் கூண்டையும் கையோடு வெளியே எடுத்துச் செல்லுங்கள்.

மிகையாகச் சூடேறிய பாத்திரத்தில் பூச்சின் நிறம் மாறியிருந்தாலோ கொப்புளம் கண்டிருந்தாலோ அதில் மீண்டும் சமைக்க வேண்டாம்.

8. இதே பூச்சு உள்ள மற்றப் பொருட்கள்

ரைஸ் குக்கரின் உட்பாத்திரம், சாண்ட்விச் மேக்கர், ஏர் ஃபிரையர் கூடை, அயர்ன் பாக்ஸின் அடித்தட்டு ஆகியவற்றிலும் பெரும்பாலும் இதே வகைப் பூச்சுதான். தானே அணையும் ரைஸ் குக்கரில் சூட்டினால் வரும் ஆபத்து குறைவு. ஆனால் அதன் உட்பாத்திரத்திலேயே அரிசி களைந்தால் கல்லும் அரிசியும் உரசிப் பூச்சு தேயும். வேறு பாத்திரத்தில் களைந்து மாற்றுங்கள். அயர்ன் பாக்ஸில் ஒட்டிய நைலானைக் கத்தியால் சுரண்டாதீர்கள். பிளம்பர் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பும் பி.டி.எஃப்.இ. தான், தண்ணீர்க் குழாயில் அது இருப்பதால் அஞ்ச ஒன்றுமில்லை. மீந்த துண்டுகளைக் குப்பையோடு போட்டு எரிக்காமல் இருந்தால் போதும்.

9. வாரண்டிக் காலத்தில் பூச்சு உரிந்தால்

முதலில் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். கழுவித் துடைத்து, பகல் வெளிச்சத்தில் முழுப் பாத்திரம், பழுதான இடம் அருகிலிருந்து, அடியில் பொறித்திருக்கும் பெயரும் எண்ணும் என மூன்று படங்களாவது எடுங்கள். நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் மறுப்பு, நீங்கள் உலோகக் கரண்டியால் கீறிவிட்டீர்கள் அல்லது அதிகத் தீயில் வைத்துவிட்டீர்கள் என்பதே. கீறல் கோடுகள் இல்லாமல் கொப்புளம் மட்டும் எழும்பியிருப்பதும், அடிப்பக்கமும் விளிம்பும் தீய்ந்து நிறம் மாறாமல் இருப்பதும் படத்தில் தெளிவாகத் தெரிந்தால் அந்த மறுப்பு நிற்காது.

தொலைபேசியில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கு எழுத்தில் புகார் அனுப்பி, புகார் எண்ணை வாங்குங்கள். எந்தத் தேதியில் எந்தக் கடையில் எந்த மாடலை வாங்கினீர்கள், என்ன பழுது, மாற்றுப் பொருள் வேண்டுமா பணம் திரும்ப வேண்டுமா என்பதோடு, பதிலுக்கு 15 நாள் அவகாசத்தையும் குறிப்பிடுங்கள். பில், வாரண்டி அட்டை ஆகியவற்றின் நகலையே இணையுங்கள். மூலத்தாளையோ பாத்திரத்தையோ சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்தால் தேதியிட்ட ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

வாங்கிய மாநிலத்தில்தான் பார்க்க முடியும் என்று சொன்னால், வாரண்டி அட்டையில் அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கேள்வியும் பதிலும் எழுத்தில் இருக்கட்டும்.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து எண் கொடுத்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். அது நீதிமன்றம் அல்ல, தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் அதற்கு இல்லை. ஆனாலும் கடையும் சர்வீஸ் சென்டரும் மாறி மாறிக் கைகாட்டிக்கொண்டிருந்த எங்கள் விஷயம் அந்தப் புகார் எண்ணுக்குப் பிறகுதான் நகர்ந்தது. ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, ஒரு மின்னஞ்சலும் ஓர் அழைப்பும் அதிக நேரத்தைத் தின்றுவிடாது என்றே சொல்வேன்.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எல்லையோரத்தில் வாழும் நமக்குத் தந்திருக்கும் பெரிய வசதி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் பதியலாம் என்பதாகும். பொள்ளாச்சியில் வாங்கிய பொருளுக்குப் பாலக்காட்டிலேயே புகார் கொடுக்கலாம். கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். ‘இ-ஜாக்ருதி’ தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். அதற்கு முன் நிறுவனத்துக்கும் கடைக்கும் ஸ்பீட் போஸ்டில் ஓர் அறிவிப்புக் கடிதம் அனுப்பி, அஞ்சல் ரசீதை வைத்துக்கொள்வது வழக்கின் அடித்தளத்தை உறுதியாக்கும். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாளும், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாளும் உண்டு. சோதனைக்கூடப் பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்துக்குள்ளும், தேவைப்பட்டால் 5 மாதத்துக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளலாம் என்ற எண்ணத்தோடு தொடங்குங்கள்.

10. எப்போது, எப்படிக் கழிப்பது

எண்ணெய் தடவியும் தோசை ஒட்டினால், நடுவில் வெள்ளி நிறத்தில் உலோகம் தெரிந்தால், கொப்புளம் எழும்பினால், சமதளத்தில் வைத்தபோது பாத்திரம் ஆடினால் அதன் காலம் முடிந்தது. பூச்சு தேய்ந்தாலோ பழுதானாலோ பாத்திரத்தைக் கழித்துவிட வேண்டும் என்பதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரையும். உரிந்த துணுக்கு ஒன்று தோசையோடு வயிற்றுக்குள் போய்விட்டால் பதற வேண்டியதில்லை; அந்தப் பூச்சு செரிக்காமல், உடலில் சேராமல் கழிவோடு வெளியேறிவிடும். ஆனால் உரியத் தொடங்கிய பாத்திரத்தில் மாதக்கணக்கில் சமைத்துக்கொண்டிருப்பதற்கு அது நியாயம் ஆகாது.

மறுபூச்சுப் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள். தொழிற்சாலையில் பூச்சைப் பதிக்க 400 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுட வேண்டும். தெருவோரக் கடையில் எந்தப் பொருளை எந்தச் சூட்டில் பதித்தார்கள் என்பதை அறிய வழியே இல்லை. அலுமினியத்துக்கு விலை கிடைக்கும் என்று பூச்சை எரித்து நீக்க முயல்வது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. 7ஆம் படியில் சொன்ன புகைதான் அதில் அடர்த்தியாக எழும்.

திருகாணியைக் கழற்றிக் கைப்பிடியைத் தனியாக எடுத்துவிட்டு, உலோகப் பகுதியை ஆக்கிரிக் கடையில் (பழைய சாமான் கடையில்) போடுங்கள். பூச்சுள்ள அலுமினியத்துக்குச் சற்றுக் குறைத்துத்தான் தருவார்கள். கழற்றிய கைப்பிடியைக் கழுவி உலர்த்தி, மாதந்தோறும் வீட்டுக்கு வரும் ஹரித கர்ம சேனையினரிடம் மற்ற மக்காத கழிவுகளோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். ஊராட்சிகளில் வழக்கமாக வாங்கும் மாதக் கட்டணமான 50 ரூபாய்க்குள்ளேயே அது அடங்கிவிடும்.